எஸ்தர் அழித்த ஒரு வரி

செய்தி எஸ்தரின் எண்ணிலிருந்தே வந்தது. பழைய அலுவலகத் தோழர்கள் சேர்ந்து வைத்திருக்கும் வாட்ஸாப் குழுவில், காலை பத்தரை மணிக்கு, அவள் பெயருக்குக் கீழே இரண்டு வரிகள். "எஸ்தர் இன்று அதிகாலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். அடக்க ஆராதனை நாளை மாலை. இப்படிக்கு, அருள்." அவள் பெயரைப் பார்த்ததும், வழக்கம்போல ஏதோ வேடிக்கையாக அனுப்பியிருக்கிறாள் என்று சிரிக்கத் தயாராகித்தான் திறந்தேன். படித்த பிறகும் அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து உடனே இறங்கவில்லை. அலுவலகத்தில் எதிரே உட்கார்ந்திருந்த பையன் "மேடம், நல்ல நியூஸா?" என்று கேட்டான்.

மறுநாள் தாம்பரம் கல்லறைத் தோட்டத்தில் உங்களில் பலரைப் பார்த்தேன். சிலரைப் பார்த்து ஆறேழு வருடமாகியிருக்கும். நினைவு ஆராதனையில் கொடுக்கிற சிறு புத்தகத்துக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டீர்கள். ஐந்து வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள் நான். என்னைவிட யாருக்கு உரிமை என்றீர்கள். நான் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் காரணம் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அந்தக் காரணத்தைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

எங்களை அறியாத அவளுடைய சபையாரும் உறவினர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். சானடோரியம் ஸ்டேஷனிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களின் வீடியோ எங்களுக்கு வரும். பெயர்தான் கால்பந்து. தலைக்கவசம் போட்ட பதினோரு பேர், நீள்உருண்டைப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியோ எறிந்தோ முன்னேறப் பார்ப்பார்கள். எதிரில் பதினோரு பேர் மறித்துக் கீழே தள்ளுவார்கள். தள்ளியதும் ஆட்டம் நிற்கும். மறுபடி வரிசை கட்டுவார்கள். அப்படி ஒவ்வொரு முறை நின்று தொடங்கும்போதும் யார் எங்கே நின்றார், பந்து எந்தப் பக்கம் போனது, யார் யாரைத் தள்ளினார் என்று படத்தை நிறுத்தி நிறுத்திப் பதிவு செய்வதுதான் எங்கள் வேலை. ஒரு ஆட்டத்துக்கு நூறுக்கு மேல் பதிவு. அந்தப் பதிவுகளை எங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பல அணிகளுக்கும் விற்றார். ஒருவர் ஆட்டத்தை இன்னொருவர் படிப்பதற்காக.

சேர்ந்த முதல் மாதம் எங்கள் எல்லாருக்கும் பந்து வைத்திருக்கிறவன்மேல்தான் கண். எஸ்தருக்கு மட்டும் முன்வரிசையில் நிற்கும் ஐந்து தடியர்கள்மேல். பந்தை எறிகிறவனை எதிரிகள் நெருங்காமல் மறித்து நிற்பதுதான் அவர்கள் வேலை. "ஆட்டம் முழுக்க அடி வாங்குறானுங்க, பந்தக் கையால தொடக்கூட மாட்டானுங்க. முடிஞ்சதும் வீட்டுக்குப் போய் என்னத்தச் சொல்லுவானுங்க?" என்று கேட்டாள் ஒருநாள். மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவள் கணவர் அருளும் அப்படித்தானாம். அவர் செய்கிற பாகம் காரில் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அந்த ஐவரில் இடதுகோடியில் நின்ற ஒருவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவன் அணி அந்த வருடம் யாரும் எதிர்பாராமல் கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தின் வீடியோ ஒரு திங்கட்கிழமை எங்களுக்கு வந்தது. முடிவு முன்பே தெரிந்திருந்தும் எஸ்தர் அதைப் பதிவு செய்யும்போது உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் பெரிய தூக்கு நிறையக் கேசரி வந்தது. உங்களில் பலர் அதைச் சாப்பிட்டிருக்கிறீர்கள். மகள் பிறந்தநாளா என்று கேட்டவர்களிடம், "நம்ம தம்பி ஜெயிச்சிட்டான்" என்றாள். பெயரைச் சொல்ல மாட்டாள். அவனுக்கு அவளிடம் எப்போதும் 'நம்ம தம்பி' என்றுதான் பெயர்.

அந்தக் கோடையில் என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தேன். எனக்கு விடுப்பு மிச்சமில்லை, வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தேன். எஸ்தர் தன் பங்கை முடித்துவிட்டு, என் கடவுச்சொல்லைப் போட்டு என் பங்கையும் செய்தாள். அந்த மாதம் என் வேலையில் பிழை குறைந்திருக்கிறது என்று எங்கள் மேலாளர் பிரகாஷ் சார் எல்லார் முன்னாலும் பாராட்டினார். எஸ்தர் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். இதையும் இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

அடுத்த பருவம் செப்டம்பரில் தொடங்கியது. சாம்பியன் அணி முதல் மூன்று ஆட்டங்களையும் வென்றது. நான் குஷியாக இருந்தேன். அவள் இல்லை. "ஜெயிச்சவனுக்கு அடுத்த வருஷம் ரொம்பக் கஷ்டம்டி. எல்லாரும் அவனத்தான் படிச்சிட்டு வருவாங்க" என்றாள். அதோடு, நம்ம தம்பிக்குக் கோடையில் முழங்காலில் அறுவை நடந்திருந்தது. ஆறுவதற்குள் ஆட வந்துவிட்டான் என்பது அவள் வாதம். ஒவ்வொரு தடவை விழுந்த பிறகும் அவன் எழுந்திருக்க எத்தனை நொடி ஆகிறது என்று ஒரு காகிதத்தில் குறித்து வைத்திருந்தாள். அது எங்கள் வேலையில் சேராது.

நான்காவது ஆட்டம் முடிந்த வாரம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்தாள். திரையில் இரண்டு படங்கள். இரண்டிலும் அவன் குனிந்து ஒரு கையைத் தரையில் ஊன்றி நிற்கிறான். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. "விரலப் பாரு" என்றாள். ஒரு படத்தில் விரல்கள் புல்லில் அழுந்திக் கிடந்தன. இன்னொன்றில் நுனி மட்டும் பட்டும் படாமலும் இருந்தது. அணி ஓடப்போகிறது என்றால் அவன் முன்னால் பாய வேண்டும். பாரத்தைக் கையில் போடுகிறான். பந்தை எறியப்போகிறார்கள் என்றால் பின்னால் போக வேண்டும். வலிக்கிற முழங்காலைக் காப்பாற்ற முன்கூட்டியே பின்னால் சாய்ந்துகொள்கிறான். போன வருடம் இப்படி இல்லை. நான்கு ஆட்டங்களையும் அவள் பார்த்து முடித்திருந்தாள். ஏழெட்டு இடம் தவிர மற்றதெல்லாம் சரியாக இருந்தது. அதாவது, ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே அந்த அணி என்ன செய்யப்போகிறது என்பதை அவன் விரலைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

நான் அசந்துபோனேன். எங்கள் பதிவில் கடைசியாக 'கூடுதல் குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எழுதிவிட்டாயா என்று கேட்டேன்.

"ஒரு வரி அடிச்சேன். அப்புறம் அழிச்சிட்டேன். நீயும் யார்கிட்டயும் சொல்லாத கீதா."

"ஏன்? நம்ம வேலையே பாத்துச் சொல்றதுதானே?"

"எங்க நின்னான், எங்க ஓடினான், அதச் சொல்றதுக்குத்தான் நமக்குச் சம்பளம். அவனுக்கு எங்க வலிக்குதுன்னு காட்டிக்குடுக்கிறதுக்கு இல்ல."

நான் சரி என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன் என்று இன்றைக்கும் நம்ப விரும்புகிறேன்.

அந்த மாதம் எங்கள் குழுவுக்குத் தலைவர் ஒருவரை எடுப்பதாக இருந்தார்கள். இரண்டு முறை எனக்குக் கிடைக்காமல் போன இடம். இந்தத் தடவை நானும் எஸ்தரும்தான் பட்டியலில். பதிவு மட்டும் போதாது, கூர்ந்து கவனிப்பவர் வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்பதாகவும், ஆளுக்கொரு குறிப்பு எழுதி அனுப்பும்படியும் பிரகாஷ் சார் சொன்னார். எஸ்தர் மழை பெய்யும் ஆட்டங்களில் பந்து நழுவுவதைப் பற்றிப் பத்து வரி எழுதிக் கொடுத்தாள். பாதி விளையாட்டாகத்தான். எனக்கு இரண்டு நாள் எதுவும் தோன்றவில்லை. மூன்றாம் நாள் மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்று எஸ்தர் மூன்று மணிக்குக் கிளம்பினாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. நான் நான்கே வரியில் அந்த விரலைப் பற்றி எழுதி, ஆட்டத்தின் எந்தெந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்றும் குறிப்பிட்டு அனுப்பிவிட்டேன். கண்டுபிடித்தது யார் என்று எழுதவில்லை.

ஒரு வாரத்தில் அமெரிக்காவிலிருந்து பாராட்டு வந்தது. நான் குழுத் தலைவி ஆனேன். முதலில் ஓடிவந்து கட்டிப்பிடித்தவள் எஸ்தர். "மூணாவது வாட்டிதான் கண்ணத் திறந்திருக்கானுங்க" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். நான் எழுதி அனுப்பிய குறிப்பு எதைப் பற்றி என்று அவள் கேட்கவேயில்லை. கேட்டால் சொல்வதற்கு ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன்.

அதன்பிறகு சாம்பியன் அணி தோற்கத் தொடங்கியது. இங்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. முடிச்சூரில் அவள் வீட்டுத் தெருவில் முழங்கால் தண்ணீர். செருப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்து வருவாள். ஈரப் புடவையோடு உட்கார்ந்து, தோற்ற ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்தாள். தொடர்ந்து ஐந்து தோல்வி. எதிரே நிற்பவன் ஒவ்வொரு தடவையும் நம்ம தம்பியைச் சுற்றிக்கொண்டு போய், பந்தை எறிகிறவனை முதுகுப் பக்கமாக விழத்தட்டினான். ஐந்தாவது தோல்வியின்போது எறிகிறவனின் தோள்பட்டை உடைந்தது. போன வருடம் தலையில் வைத்துக் கொண்டாடிய அதே வர்ணனையாளர்கள் நம்ம தம்பியின் பெயரைச் சொல்லிச் சொல்லித் திட்டினார்கள். அடுத்த வாரம் அவனை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். கோப்பையை வென்ற அணி, அடுத்த வருடம் முதல் சுற்றைக்கூடத் தாண்டவில்லை.

அவனை உட்கார வைத்த செய்தி வந்த அன்று எஸ்தர் என்னைக் கூப்பிட்டாள். திரையில் எதிரணிக்காரன் ஒருவனின் முகம். கவசக் கம்பிகளுக்கு நடுவே கண்கள் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கி வைத்திருந்தாள்.

"அவன் கண்ணு எங்க போகுது பாரு. கீழ கையப் பாக்குறான். எல்லாரும் பாக்குறாங்க. அஞ்சு ஆட்டமும் திரும்பப் பாத்துட்டேன்." பிறகு திரையிலிருந்து பார்வையை எடுக்காமலே கேட்டாள். "நீ யார்கிட்டயாவது சொன்னியா?"

"நான் எதுக்குச் சொல்லப்போறேன்? அவங்க ஊர்ல கோச்சுங்களுக்குக் கண்ணு இல்லையா?"

அந்தப் பதிலில் உண்மையும் உண்டு. அந்த நாட்டில் இதே வேலைக்காக எத்தனையோ பேர் இரவுபகலாகப் படம் பார்க்கிறார்கள். என் நான்கு வரி இல்லாமலே அவர்கள் கண்டுபிடித்திருக்கலாம். நான் அனுப்பியதை யாராவது படித்தார்களா என்றுகூட எனக்கு நிச்சயமாகத் தெரியாது. பல வருடம் இதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் எஸ்தர் கேட்டது அவர்களைப் பற்றி அல்ல, என்னைப் பற்றி.

அவள் தலையை ஆட்டினாள். "அப்ப நான்தான். அன்னிக்கு அழிச்சேன்னு நினைச்சேன். அழியறதுக்கு முன்னாடியே சேவ் ஆகிப் போயிருக்கும்" என்றாள்.

இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்திருந்தால் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இருக்கலாம்" என்றேன்.

நான் செய்ததிலேயே பெரிய தவறு அந்தக் குறிப்பை அனுப்பியது அல்ல. இந்த ஒரு சொல்தான். குறிப்பை அனுப்பியபோது ஆசை இருந்தது, அவசரம் இருந்தது. இதைச் சொன்னபோது அப்படி எதுவும் இல்லை. அவளே தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், கொஞ்சம் நிம்மதியாகக்கூட.

குழுத் தலைவி என்ற முறையில் பழைய பதிவுகளைத் திறக்க எனக்கு உரிமை இருந்தது. அன்று மாலையே அவள் செய்த நான்காவது ஆட்டத்தின் பதிவைத் திறந்து பார்த்தேன். கூடுதல் குறிப்பு என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. திருத்தங்களின் வரலாற்றிலும் ஒன்றுமில்லை. அவள் சரியாகத்தான் அழித்திருந்தாள். கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். காட்டினால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். மூடிவிட்டேன்.

அவள் அடுத்த மாதம் வேறு விளையாட்டுக்கு மாற்றல் கேட்டாள். கோடைக்குள் வேலையை விட்டாள். கண் சரியில்லை, திரை பார்த்தால் தலைவலி என்று சொல்லிப் போனதாகத்தான் உங்களுக்கெல்லாம் தெரியும். பிரிவு உபசாரத்தில் நான்தான் பேசினேன். அவளைப் போல ஒரு பார்வை இந்த அலுவலகத்தில் யாருக்கும் இல்லை என்றேன். எல்லாரும் கைதட்டினீர்கள். அவள் கண்ணில் ஒரு குறையும் இல்லை. பிறகு முடிச்சூரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்பதை நடையைப் பார்த்தே சொல்லுவாள் என்று அங்கே வேலை செய்கிற டீச்சர் ஒருவர் அடக்கத்தன்று என்னிடம் சொன்னார்.

எங்கள் தொடர்பு விட்டுப்போகவில்லை. கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டிலிருந்து கேக் வரும், தீபாவளிக்கு என் வீட்டிலிருந்து முறுக்கு போகும். என் மகன் கல்யாணத்தில் தாம்பூலப் பை கொடுக்கும் இடத்தில் நின்றவள் அவள்தான். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். வருடம் ஏற ஏற, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதும் சேர்ந்து பெரிதாகிக்கொண்டே போயிற்று.

கடைசியாக இரண்டு மாதத்துக்கு முன் மருத்துவமனையில் பார்த்தேன். கல்லீரலில் புற்று. மிகவும் இளைத்திருந்தாள், குரல் மட்டும் அதேபோல் இருந்தது. மருத்துவரைப் பற்றியும் மகள் படிப்பைப் பற்றியும் பேசினோம். பிறகு அவளாகவே கேட்டாள், "நம்ம தம்பி இப்ப எங்க இருக்கான்னு உனக்குத் தெரியுமா? எனக்குத் தேடிப் பாக்கப் பயமா இருந்துச்சு."

எனக்குத் தெரியும். நான் தேடிப் பார்க்காத வருடம் இல்லை. முழங்கால் சரியான பிறகு வேறோர் அணியில் இரண்டு வருடம் ஆடினான், இப்போது தன் சொந்த ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறான், இரண்டு குழந்தைகள் என்று சொன்னேன். கைப்பேசியில் படத்தையும் காட்டினேன். தொப்பை போட்டிருந்தான். வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லா இருக்கான். நான் பண்ணினதுக்கு அவன் நல்லா இருக்கானே, தேவனுக்கு ஸ்தோத்திரம்."

இந்த இடத்தில் நர்ஸ் வந்தார், ஊசி போட்டார், பேச்சு கலைந்துவிட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. யாரும் வரவில்லை. அருள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். அறையில் நாங்கள் இருவர் மட்டும், அரைமணி நேரத்துக்கு மேல். நான் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். நார் எடுத்து, கொட்டை எடுத்து, ஒவ்வொரு சுளையாக. போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இதை எழுதுவதற்கு முன் அருளிடம் சொல்ல வேண்டும் என்று போன ஞாயிற்றுக்கிழமை முடிச்சூருக்குப் போனேன். ஆராதனை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். அந்த நான்கு வரியையும், "இருக்கலாம்" என்றதையும், வெறுமையாக இருந்த கட்டத்தையும், ஒன்று விடாமல் சொன்னேன். நான் முடித்ததும் அவர் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"எங்க வூட்டு ஜெபத்துல தினம் 'நம்ம தம்பி'ன்னு அந்தப் பையனும் வருவாம்மா. ஊரு பேரு தெரியாதவனுக்கு எதுக்கு ஜெபம்னு ஆரம்பத்துல கேட்டிருக்கேன். நான் அவனுக்கு ஒரு தப்பு பண்ணிட்டேங்கன்னு சொல்லுவா. அதுக்கு மேல கேட்டா அழுவா. அதனால நான் கேக்கிறதில்ல. கடைசி வாரம் வரைக்கும் சொல்லிக்கினுதான் இருந்தா."

நான் அழுதேன். என்னை மன்னிக்கும்படி கேட்கவில்லை. மன்னிக்கிற இடத்தில் அவர் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் தேற்றவும் இல்லை. கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

"நீங்க சொல்லியிருந்தீங்கன்னா கோச்சிக்கினு இருக்க மாட்டா. உங்க பேரையும் சேத்துக்கினு ஜெபம் பண்ணியிருப்பா. அவ்ளோதான் நடந்திருக்கும்."

எது நடந்துவிடும் என்று இத்தனை வருடம் பயந்தேனோ, அது அவ்வளவுதான்.

இதை அப்படியே புத்தகத்தில் போடலாமா என்று அவரிடம் கேட்டேன். போடுங்கள் என்றார். மகள் படித்துவிட்டு, ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம் என்று செய்தி அனுப்பினாள். இனி என்னிடம் பேச விரும்பாதவர்கள் உங்களில் இருக்கலாம். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் வராது.

ஆராதனையன்று ஒவ்வொருவரும் எஸ்தரிடமிருந்து தமக்கென்று எடுத்துக்கொண்டதைச் சொல்வீர்கள். அவளுடைய கேசரி, அவள் சிரிப்பு, கஷ்டம் என்றதும் வந்து நிற்கிற குணம். அவையெல்லாம் உங்களுடையவை. செய்யாத ஒரு தவறைச் செய்ததாக நம்பி, பெயர்கூட உச்சரிக்கத் தயங்கிய ஒருவனுக்காக அவள் தினமும் மண்டியிட்டாள். அந்தத் தவறு என்னுடையது. அவளிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அது ஒன்றைத்தான். அவள் அதை மிக அதிக நாள் வைத்திருந்துவிட்டாள்.